1 டிபி டிஸ்க் ஏன் 931 ஜிபி காட்டுகிறது? சேமிப்பு அளவுகளைப் பிழையில்லாமல் மாற்றும் முறை

புதிய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும். மீதி 69 ஜிபி எங்கே என்று கேட்டால், "ஃபார்மேட் பண்ணும்போது போயிடும்" என்பதுதான் கடைகளில் வழக்கமாக வரும் பதில். அது சரியான விளக்கம் இல்லை. ஃபார்மேட் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய பங்கு. டிஸ்க்கில் உள்ள பைட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தயாரித்த நிறுவனம் அவற்றை ஆயிரம் ஆயிரமாகக் கட்டி எண்ணுகிறது. விண்டோஸ் 1024 பைட்டுகளாகக் கட்டி எண்ணுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

சிசிடிவிக்கு எத்தனை டிபி டிஸ்க் வாங்குவது, 60 ஜிபி கேம் இறங்க எவ்வளவு நேரம் ஆகும், விண்ணப்பப் பக்கம் 50 கேபி படத்தை ஏன் திருப்பி அனுப்புகிறது என்று எல்லாக் கணக்கிலும் இதே சிக்கல் வரும். எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்: எந்த அளவையும் முதலில் பைட்டுக்கு இறக்குங்கள், பிறகு வேண்டிய அலகுக்கு ஏற்றுங்கள். நடுவில் பைட்டைத் தொடாமல் ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் தவறு நுழைகிறது.

கணக்குக்கு முன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: கையில் இருக்கும் எண் பிட்டா, பைட்டா? 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன 'பி' போட்டால் பிட், பெரிய 'பி' போட்டால் பைட். இணைய வேகம், வீடியோவின் பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு எத்தனை பிட் என்பது), கேபிளின் வேகம் எல்லாம் பிட்டில் சொல்லப்படும். கோப்பின் அளவும் டிஸ்க்கின் கொள்ளளவும் பைட்டில் சொல்லப்படும். விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று போட்டிருக்கும் இணைப்பில், டவுன்லோடு செய்யும் மென்பொருள் நொடிக்கு 11 அல்லது 12 எம்பி என்று காட்டினால் ஏமாற்று எதுவும் இல்லை. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.

இரண்டாவது கேள்வி: எழுதியவர் 1000 கணக்கில் எழுதினாரா, 1024 கணக்கில் எழுதினாரா? இதை ஊகிக்கக் கூடாது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றின் பெட்டியில் இருப்பது 1000 கணக்கு. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் '1 ஜிபி = 100 கோடி பைட்' என்ற பொருளில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்காவில் இதற்காக நுகர்வோர் வழக்குப் போட்டு, 2006-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007-ல் சீகேட்டும் சமரசத்துக்கு வந்தன. டிவிடி, புளூ-ரே, எல்லா வலையமைப்பு வேகங்களும் 1000 கணக்கே. ஆப்பிள் கணினிகள் 2009-ல் வந்த 10.6 பதிப்பிலிருந்து 1000 கணக்குக்கு மாறின; ஐபோன் ஐஓஎஸ் 11-லிருந்து. ஆண்ட்ராய்டில் கோப்பு அளவை எழுத்தாக மாற்றித் தரும் உள்வசதி 8-ஆம் பதிப்பிலிருந்து 1000 கணக்கில் தருகிறது.

1024 கணக்கில் இருப்பவை: ரேம், விண்டோஸ் காட்டும் எல்லா அளவுகளும், லினக்ஸ் கட்டளைகளில் பல. லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளைக்குப் பின் சின்ன ஹெச் போட்டால் 1024 கணக்கு, பெரிய ஹெச் போட்டால் 1000 கணக்கு. 'டிடி' கட்டளையில் எண்ணுக்குப் பின் 'எம்' மட்டும் போட்டால் 10,48,576 பைட். 'எம்பி' என்று முழுதாகப் போட்டால் 10,00,000 பைட். டிஸ்க்கை அப்படியே படியெடுக்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், கடைசி எழுத்து ஒன்றில் 4.9% வித்தியாசம்.

ரேம் 1024 கணக்கில் இருப்பதற்குக் காரணம் உண்டு. நினைவக முகவரியில் ஒரு பிட் கூடினால் எட்டக்கூடிய இடம் இரட்டிக்கும். பத்து பிட்டுக்கு 1024 இடங்கள். அதனால் 8 ஜிபி ரேம் என்றால் அது 1024 கணக்கில் துல்லியமாக 8. ஹார்ட் டிஸ்க்கில் அப்படி இரட்டிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, செக்டர்கள் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சிறு துண்டுகள்) எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எஸ்எஸ்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 256 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்புகள் பெரும்பாலும் 1024 கணக்கில் 256 ஜிபி. அதில் 1000 கணக்கிலான 256 ஜிபியைப் பயனருக்கு விட்டுவிட்டு, இரண்டுக்கும் இடையே உள்ள சுமார் 7% இடத்தை, தேய்ந்த பகுதிகளுக்கு மாற்றாகவும் எழுதும் வேலையைச் சமன்செய்யவும் எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கண்ட்ரோலர் வைத்துக்கொள்கிறது.

இந்த இரட்டைப் பயன்பாட்டைத் தீர்க்க ஐஇசி என்ற சர்வதேசத் தரநிலை அமைப்பு 1998-லேயே 1024 கணக்குக்குத் தனிப் பெயர்களை ஏற்றது. ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே ஒரு சின்ன 'ஐ' வந்தால் அது ஐயத்துக்கு இடமில்லாமல் 1024 கணக்கு. லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். விண்டோஸ் இன்னும் அந்த 'ஐ' இல்லாமலேயே எழுதுகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மாற்றாமல் வைத்திருப்பது பயனர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே சொல்ல வேண்டும்.

பைட்டுக்கு இறங்குவது

1000 கணக்கை நம் எண்ணும் முறையில் மனத்தில் வைப்பது எளிது. கேபி ஆயிரம், எம்பி பத்து லட்சம், ஜிபி நூறு கோடி, டிபி ஒரு லட்சம் கோடி பைட்.

1024 கணக்கில்:

1 கேபி = 1,024 பைட்
1 எம்பி = 10,48,576 பைட்
1 ஜிபி = 1,07,37,41,824 பைட்
1 டிபி = 10,99,51,16,27,776 பைட்

இப்போது 1 டிபி டிஸ்க்கைப் பார்ப்போம். பெட்டிக் கணக்கில் ஒரு லட்சம் கோடி பைட். அதை 1,07,37,41,824-ஆல் வகுத்தால் 931.32. பெரும்பாலான 1 டிபி டிஸ்க்குகளில் உண்மையில் 10,00,20,48,86,016 பைட் இருக்கும், அதாவது ஒவ்வொன்றும் 512 பைட் கொண்ட 195 கோடிச் சொச்சம் செக்டர்கள். அதனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931.51 ஜிபி என்று பார்க்கலாம். சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

கால்குலேட்டர் இல்லாதபோது இந்த எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருப்பதை விண்டோஸ் கணக்குக்கு மாற்ற, எம்பியை 0.954-ஆலும், ஜிபியை 0.931-ஆலும், டிபியை 0.909-ஆலும் பெருக்க வேண்டும். திரும்பி வர முறையே 1.049, 1.074, 1.1. அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடுவதைக் கவனியுங்கள்: கேபியில் 2.3% குறைவு, டிபியில் 9.1%. அதனால் 'எப்போதும் 7% குறைத்துக்கொள்' என்று ஒரே எண்ணை எல்லா இடத்திலும் போடக் கூடாது. 7% ஜிபிக்கு மட்டுமே பொருந்தும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை: 32 ஜிபிக்கு 29.8, 64-க்கு 59.6, 128-க்கு 119.2, 256-க்கு 238.4, 512-க்கு 476.8, 500-க்கு 465.7, 2 டிபிக்கு 1.81 டிபி, 4 டிபிக்கு 3.63 டிபி. பென் டிரைவில் இதைவிட ஒன்றிரண்டு ஜிபி குறைவது சாதாரணம். மடிக்கணினியில் சி டிரைவ் மட்டும் பார்த்தால் ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு (விண்டோஸை மீட்க ஒதுக்கிய தனிப் பகுதி) போனது கழிந்திருக்கும், முழு டிஸ்க்கையும் பார்க்க வேண்டும். ஆனால் 64 ஜிபி கார்டு 29 ஜிபி காட்டினால் அதை எந்த அலகு மாற்றமும் விளக்காது. கார்டு தவறாகப் பார்ட்டிஷன் செய்யப்பட்டிருக்கும், அல்லது போலி. நாணயமில்லாத போலிகள் முழு அளவையும் காட்டிவிட்டு எழுதும்போது மட்டும் கோப்புகளைக் கெடுக்கும். மலிவாக வாங்கிய கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சோதிப்பது மட்டுமே உறுதியான வழி.

பார்ட்டிஷன் பிரிக்கும்போது எதிர்த்திசையில் கணக்குப் போட வேண்டும். விண்டோஸ் அளவை எம்பியில் கேட்கும், அதுவும் 1024 கணக்கில். 100 ஜிபி வேண்டுமென்றால் 1,02,400 என்று கொடுங்கள். 1,00,000 என்று கொடுத்தால் 97.6 ஜிபி என்று முழுமையில்லாத எண் வந்து நிற்கும்.

கணக்குகள் கலந்துபோன இடங்கள்

பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியில் இருந்த பைட்டுகள் 14,74,560. ஒரு பக்கத்துக்கு 80 டிராக், 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கிப் பாருங்கள். இதை 1000 கணக்கில் எழுதினால் 1.47 எம்பி, 1024 கணக்கில் 1.41 எம்பி. 1.44 எப்படி வந்தது? முதலில் 1024-ஆல் வகுத்து 1440 கேபி ஆக்கி, அதை 1000-ஆல் வகுத்து 1.44 எம்பி ஆக்கினார்கள். ஒரே எண்ணில் இரண்டு கணக்கு. இன்றும் அவசரத்தில் எக்செல் போடுகிறவர்கள் இதே தவறைச் செய்கிறார்கள்: கேபியிலிருந்து எம்பிக்கு 1024, எம்பியிலிருந்து ஜிபிக்கு 1000. ஒரு கணக்கில் தொடங்கினால் அதே கணக்கில் முடிக்க வேண்டும்.

சிடியும் டிவிடியும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருந்தாலும் கணக்கு வேறு. 80 நிமிட சிடியில் 3,60,000 செக்டர், ஒவ்வொன்றிலும் 2,048 பைட் தரவு. மொத்தம் 73,72,80,000 பைட். 700 எம்பி என்று எழுதியிருப்பது 1024 கணக்கில், உள்ளே 703 எம்பி இருக்கிறது. டிவிடியின் 4.7 ஜிபி 1000 கணக்கில். விண்டோஸில் அது 4.38 ஜிபிதான். 4.5 ஜிபி கோப்பை டிவிடியில் எழுத முயன்று இடம் போதவில்லை என்று வந்தால் காரணம் இது.

எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பின் உச்ச அளவு 4,29,49,67,295 பைட். 1024 கணக்கில் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 1000 கணக்கில் 4.29 ஜிபி. ஆப்பிள் கணினியில் 4.2 ஜிபி என்று தெரியும் வீடியோ இதில் ஏறிவிடும், விண்டோஸில் 4.2 ஜிபி என்று தெரியும் வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் இந்தத் தடை இல்லை.

வேகத்திலிருந்து நேரம்

விண்டோஸ் கணக்கில் 60 ஜிபி உள்ள கேம், 100 எம்பிபிஎஸ் இணைப்பு. 60,000 எம்பியை 100-ஆல் வகுத்து 600 நொடி, பத்து நிமிடம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சரியான வழி:

60-ஐ 1.0737-ஆல் பெருக்கினால் 1000 கணக்கில் 64.42 ஜிபி.
8-ஆல் பெருக்கினால் 515.4 ஜிகாபிட்.
நொடிக்கு 0.1 ஜிகாபிட் வீதம் 5,154 நொடி, கிட்டத்தட்ட 86 நிமிடம்.

இதற்கு மேல் பாக்கெட் தலைப்புகளுக்கு, அதாவது தரவை அனுப்பும் ஒவ்வொரு சிறு பொட்டலத்தின் மேலும் ஒட்டும் முகவரி போன்ற விவரங்களுக்கு, இடம் விட வேண்டும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் கம்பியில் எடுத்துக்கொள்ளும் 1,538 பைட்டில் 1,460 பைட்தான் கோப்பின் தரவு. ஆகவே 95% மட்டுமே பயன்படும், நேரம் 90 நிமிடத்தைத் தொடும். அதுவும் மறுமுனையில் உள்ள சர்வர் முழு வேகத்தில் கொடுத்தால்.

கேபிள் வேகத்தில் 8-ஆல் வகுப்பது போதாத இடங்களும் உண்டு. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளின் 6 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 6 ஜிகாபிட்), யுஎஸ்பி 3.0-வின் 5 ஜிபிபிஎஸ் ஆகியவற்றில் ஒவ்வொரு 8 பிட்டும் கம்பியில் 10 பிட்டாகப் போகும். அங்கே 10-ஆல் வகுங்கள்: சாட்டாவுக்கு நொடிக்கு 600 எம்பி, யுஎஸ்பி 3.0-க்கு 500 எம்பி உச்சம். 10 ஜிபிபிஎஸ் யுஎஸ்பியில் 128 பிட்டுக்கு 132 பிட் போவதால் இழப்பு மிகக் குறைவு, அங்கே 8-ஆலேயே வகுக்கலாம்.

மொபைலில் தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகும் திட்டங்கள் பல. 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 8 கேபி. 1 எம்பி புகைப்படம் வர 125 நொடி, இரண்டு நிமிடத்துக்கு மேல். எழுத்துச் செய்திகள் ஓடும், படங்கள் நிற்கும்.

பிட்ரேட்டிலிருந்து டிஸ்க் அளவு

சிசிடிவி பொருத்துகிறவர்களுக்கு மிகவும் தேவையான கணக்கு இது. கேமரா அமைப்பில் பிட்ரேட் 2048 கேபிபிஎஸ் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 256 கேபி. ஒரு நாளுக்கு 86,400 நொடி, எனவே 22.1 ஜிபி. நான்கு கேமராவுக்கு நாளொன்றுக்கு 88.5 ஜிபி. 1 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும். 30 நாள் பதிவு வேண்டுமென்றால் 2.65 டிபி. 2 டிபி போதாது, 3 டிபி போதும், ஆனால் பின்னால் ஐந்தாவது கேமரா மாட்டும் எண்ணம் இருந்தால் 4 டிபி வாங்கிவிடுவது நல்லது.

இங்கே கேபிபிஎஸ், டிஸ்க்கின் டிபி இரண்டும் 1000 கணக்கு என்பதால் 1024-ஐ உள்ளே கொண்டுவர வேண்டியதே இல்லை. கேமராப் பதிவுக் கருவியான டிவிஆரின் திரையில் டிஸ்க் 931 ஜிபி என்று தெரியும்போது அந்த எண்ணை எடுத்து 88.5-ஆல் வகுத்தால் பத்தரை நாள் என்று தவறாக வரும். பெட்டியில் உள்ள எண்ணையே எடுங்கள்.

குறுக்கு வழிகள்: கேபிபிஎஸ் எண்ணை 10.8-ஆல் பெருக்கினால் ஒரு நாளுக்கு எத்தனை எம்பி என்று வரும். எம்பிபிஎஸ் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணிக்கு எத்தனை ஜிபி என்று வரும். 8 எம்பிபிஎஸ் வீடியோ மணிக்கு 3.6 ஜிபி. பிட்ரேட் மாறும் வகையில் அமைத்திருந்தால் இந்த விடை உச்சவரம்பு. ஆள் நடமாட்டம் இல்லாத இரவுகளில் குறைவாகவே எழுதும்.

சின்னக் கோப்புகளில் வரும் தொல்லைகள்

தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் 20 கேபி முதல் 50 கேபி வரை இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் எந்தக் கணக்கில் அளக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் கீழ் வரம்பை 1024-ஆலும் மேல் வரம்பை 1000-ஆலும் எடுத்துக்கொள்ளுங்கள்: 20,480 பைட்டுக்கு மேல், 50,000 பைட்டுக்குள். இந்த எல்லைக்குள் இருக்கும் படம் இரண்டு கணக்கிலும் தேறும். விண்டோஸ் கோப்புப் பட்டியல் கேபியை மேல்நோக்கி முழுமையாக்கிக் காட்டும் என்பதால், அங்கே 21 முதல் 48 வரை தெரிந்தால் போதும். 49 என்று தெரியும் படம் 50,000 பைட்டைத் தாண்டியிருக்கலாம்.

மின்னஞ்சல் இணைப்பில் கோப்பு எழுத்தாக மாற்றப்பட்டு அனுப்பப்படும். 3 பைட் 4 பைட்டாகும். சர்வர் மொத்த அஞ்சலுக்கு 20 எம்பி வரம்பு வைத்திருந்தால், இணைக்கக்கூடிய கோப்பு 15 எம்பிக்கும் சற்றுக் குறைவு.

ஒரு கோப்பின் பண்புகளைத் திறந்தால் அதன் அளவும் டிஸ்க்கில் அது பிடிக்கும் இடமும் தனித்தனியாகத் தெரியும். கோப்புகள் முழுக் கிளஸ்டர்களாகவே, அதாவது டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் குறைந்தபட்சத் துண்டுகளாகவே, இடம் பிடிக்கும். 64 ஜிபி கார்டை விண்டோஸ் இயல்பாக எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் ஒரு கிளஸ்டர் 1,31,072 பைட். தலா 2 கேபி உள்ள 10,000 கோப்புகளை அதில் போட்டால் உள்ளடக்கம் 20 எம்பி, பிடிக்கும் இடம் 1.31 ஜிபி. அத்தகைய கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாக்கிப் பிறகு நகலெடுங்கள், நேரமும் மிச்சம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், 15 பைட். தரவுத்தளத்தில் ஒரு புலத்துக்கு 100 பைட் ஒதுக்கினால் ஆங்கிலத்தில் 100 எழுத்து, தமிழில் 33 குறியீடு, அதாவது கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் இருபதுக்கு மேல் கொஞ்சம். பெயர்கள் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். குறுஞ்செய்தியிலும் இப்படித்தான்: ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கிலத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்து. தமிழுக்கு 16 பிட் வீதம் 70 குறியீடு.

சரிபார்ப்பது

ஆப்பிள் கணினியிலிருந்து விண்டோஸுக்கு மாற்றிய வீடியோ முதலில் 1.07 ஜிபி, பிறகு 1 ஜிபி என்று தெரிந்தால் பதற வேண்டாம். விண்டோஸில் கோப்பை வலது கிளிக் செய்து பண்புகளைத் திறந்தால், அடைப்புக்குறிக்குள் முழு பைட் எண்ணிக்கை இருக்கும். ஆப்பிள் கணினியிலும் தகவல் பெட்டியில் அது உண்டு. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தால் கோப்பு முழுதாக வந்துவிட்டது. அளவு ஒன்றாக இருந்து உள்ளடக்கம் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. திருமண வீடியோ, கணக்குப் புத்தகம் போன்றவற்றை நகலெடுத்தபின் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்தும் ஒப்பிடுங்கள்.

எக்செலில் பெட்டி ஜிபியை விண்டோஸ் ஜிபியாக்க, எண் இருக்கும் கட்டத்தை 1000^3-ஆல் பெருக்கி 1024^3-ஆல் வகுத்தால் போதும். டிபியிலிருந்து ஜிபிக்கு என்றால் 1000^4-ஆல் பெருக்கி 1024^3-ஆல் வகுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிக் கருவிகளை நம்புவதற்கு முன் ஒரு சோதனை வையுங்கள். 1 ஜிபி எத்தனை எம்பி என்று கேளுங்கள். 1000 என்றால் அது பெட்டிக் கணக்கு, 1024 என்றால் விண்டோஸ் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க இடம் தராத கருவியில் பெட்டி அளவை விண்டோஸ் அளவாக மாற்றவே முடியாது. அதற்கு மேலே கொடுத்த வகுத்தலைக் கையால் செய்வதே விரைவு.